வருத்தமே இல்லைன்னு பாடியவர்

இன்செப்ஷன் படத்தைப் பார்க்காமல் நாலு வருஷ இன்ஜினியரிங்கை முடித்தவர்கள் ரொம்பக் கம்மி. அதில் கனவில் இருப்பவர்களை எழுப்புவதற்குக் கொஞ்சம் முன்னாடி, தூங்குகிறவர் காதில் ஹெட்போனை மாட்டி ஒரு பழைய பாட்டைப் போடுவாங்களே, ஞாபகம் இருக்கா? கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஒரு பெண் குரல், பின்னால் அணிவகுப்பு மாதிரி ஒரு தாளம். பாட்டு கேட்டால் நேரம் முடியப் போகிறது என்று அர்த்தம். அந்தப் பாட்டின் பெயர் ‘நோன், ஜ ந ரெக்ரெத் ரியென்’. இல்லை, நான் எதற்கும் வருத்தப்படவில்லை என்று பொருள். பாடியவர் எடித் பியாஃப், பதிவான வருடம் 1960.

சிக்னல்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட்டு நகர்கிறேன். டேப்பைப் பாதி வேகத்தில் ஓட்டினால் பாட்டின் நீளம் இரண்டு மடங்காகும், சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். கனவுக்குள் கனவு என்று போகப் போக நேரம் நீண்டுகொண்டே போகிறது என்பதுதானே அந்தப் படத்தின் கணக்கு? இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மர் அதே கணக்கைத் தன் வேலையிலும் போட்டார். பியாஃப் பாட்டின் வேகத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு படத்தின் இசையைக் கட்டினார். தியேட்டரில் நம்ம நெஞ்சுக்கூட்டை அதிரவைத்த அந்த ‘ப்பாஆஆம்’ முழக்கம், இந்தப் பாட்டின் ஆரம்பத்தை இழுத்து மெதுவாக்கியதிலிருந்து வந்தது. படத்தில் நடித்த மரியான் கோத்தியார் அதற்கு முன்பே 2007இல் வந்த ஒரு படத்தில் எடித் பியாஃபாக நடித்து ஆஸ்கர் வாங்கியவர். அதனால் குழப்பம் வரும் என்று நோலன் பாட்டையே மாற்ற நினைத்தார், சிம்மர்தான் விடவில்லை.

இவ்வளவும் யூடியூபில் கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறு. ‘நோ ரிக்ரெட்ஸ்’ என்று ஸ்டேட்டஸ் போடுகிறோமே, ஃபேர்வெல் வீடியோவில் எழுதுகிறோமே, அந்த வார்த்தைகளுக்கு உலகத்திலேயே பெரிய சொந்தக்காரி என்று பெயர் வாங்கியவர் இந்தப் பெண்மணி. அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் நெருங்கிப் போய்ப் பார்த்தால் பாட்டு வேறு மாதிரி கேட்கத் தொடங்கும்.

எடித் ஜொவானா காசியோன் 1915 டிசம்பர் 19ஆம் தேதி பாரிஸின் பெல்வில் பகுதியில் பிறந்தார். ரியூ த பெல்வில் 72ஆம் எண் வீட்டு வாசற்படியில், நடுத்தெருவில் பிறந்தார் என்று அந்தச் சுவரில் கல்வெட்டே பதித்திருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழோ தெனோன் மருத்துவமனையில் பிறந்ததாகச் சொல்கிறது. பியாஃபைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் இந்த மாதிரி நிறைய வரும். பாதிக் கதைகளை அவரே கட்டினார். மீதிப் பாதியை, இளம்வயதுத் தோழி சிமோன் பெர்த்தோ, பியாஃப் இறந்த பிறகு எழுதிய புத்தகத்தில் கட்டினார். ஆதாரம் கேட்டுப் பழகிய நாம் கொஞ்சம் உஷாராகத்தான் படிக்கணும்.

நிச்சயமாகத் தெரிந்ததே போதுமான அளவுக்கு இருக்கிறது. அப்பா லூயி காசியோன் தெருவில் வித்தை காட்டுகிறவர். உடம்பை வில்லாக வளைப்பார், கரணம் அடிப்பார், பிறகு தொப்பியை நீட்டுவார். அம்மா கஃபேக்களில் பாடுகிறவர். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம், அப்பா படையில். அம்மா குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒழுங்காகச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த குழந்தையைப் பிறகு அப்பா எடுத்துக்கொண்டுபோய், நார்மண்டியில் பெர்னே என்ற ஊரில் இருந்த தன் அம்மாவிடம் விட்டார். அந்தப் பாட்டி நடத்தியது ஒரு விபசார விடுதி. அங்கே இருந்த பெண்கள்தான் எடித்தை வளர்த்தார்கள். கண்ணில் நோய் வந்து சில காலம் பார்வை மங்கிக் கிடந்தபோது பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். லிசியு என்ற ஊருக்கு யாத்திரை போய் வந்ததால் பார்வை திரும்பியது என்று எடித் கடைசிவரை நம்பினார்.

கொஞ்சம் வளர்ந்ததும் அப்பா ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கரணம் போட, மகள் பாட. பெரிய சத்தம் வேண்டும். தெருவில் மைக் கிடையாது, குதிரை வண்டிச் சத்தத்தையும் கார் ஹாரனையும் தாண்டிக் குரல் போனால்தான் அன்றைக்குச் சாப்பாடு. பின்னால் எல்லாரும் வியந்த அந்தத் தொண்டைக்கு இதுதான் பயிற்சிக் கூடம். ஐந்தடிகூட இல்லாத உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் எப்படி வருதுன்னு கேட்டவர்களுக்கு, பெல்வில் தெருக்களில் நின்று பார்த்தால் பதில் கிடைத்திருக்கும்.

17 வயதில் எடித்துக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் மார்செல். எடித்துக்குக் குழந்தை வளர்க்கத் தெரியவில்லை. அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? தெருவில் பாடப் போகும்போது குழந்தையும் கூடவே போகும், இல்லாவிட்டால் அறையில் கிடக்கும். குழந்தையின் அப்பாவோடு பிரிவு வந்தது. 1935இல், இரண்டு வயதில், மூளைக்காய்ச்சலில் மார்செல் இறந்துபோனாள். எடித்துக்கு அப்போது 19. நம்மில் பலர் செகண்ட் இயர் படிக்கிற வயசு. பிறகு எடித்துக்குக் குழந்தையே பிறக்கவில்லை. பேட்டிகளில் எதையெதையோ அளந்துவிட்டவர், மகளைப் பற்றி மட்டும் அதிகம் பேசியதில்லை.

அதே வருடம்தான் அதிர்ஷ்டமும் வந்தது. லூயி லெப்ளே என்பவர் ஷான்செலிசே பக்கத்தில் ஒரு கிளப் நடத்திக்கொண்டிருந்தார். தெருவோரம் பாடிக்கொண்டிருந்த எடித்தைப் பார்த்து மேடைக்குக் கூட்டி வந்தார். நடுங்கிக்கொண்டு நின்ற அந்தச் சின்ன உருவத்துக்கு ‘லா மோம் பியாஃப்’ என்று பெயர் வைத்தார். பாரிஸ் பேச்சுவழக்கில் பியாஃப் என்றால் சிட்டுக்குருவி. மோம் என்றால் நம்ம ஊர் வாண்டு மாதிரி. கறுப்பு கவுனும் அப்போது வந்ததுதான், கடைசிவரை அதுவே சீருடை ஆகிவிட்டது. 1936 ஏப்ரலில் லெப்ளேயை யாரோ சுட்டுக் கொன்றார்கள். போலீஸ் எடித்தையும் பிடித்து வைத்து விசாரித்தது. அவருக்குச் சம்பந்தம் இல்லை என்று விட்டுவிட்டாலும் பத்திரிகைகள் விடவில்லை. முளைத்த ஒரு வருடத்துக்குள் எல்லாம் முடிந்துபோன மாதிரிதான் இருந்தது. ரேமோன் அசோ என்ற பாடலாசிரியர் அவரைப் பொறுப்பெடுத்து, உச்சரிப்பு, நிற்கிற விதம், பாட்டுத் தேர்வு என்று அடியிலிருந்து மறுபடி உருவாக்கினார். அசோவோடு சேர்ந்து வேலை செய்த மார்கரித் மொனோ என்ற இசையமைப்பாளர் எடித்துக்கு வாழ்நாள் தோழி ஆனார். 1937இல் ஏபிசி அரங்கில் பாடியபோது நட்சத்திரம் ஆகிவிட்டார்.

போர்க்காலத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஜெர்மானியர் பிடித்த பாரிஸில் அவர் பாடினார், ஜெர்மனிக்கே போய்ப் பிரெஞ்சுக் கைதிகள் முன்னாலும் பாடினார். யூத இசைக் கலைஞர் ஒருவர் ஒளிந்து வாழவும் உதவினார். போர் முடிந்ததும் விசாரணைக் குழு கேள்வி கேட்டது, குற்றமில்லை என்று அனுப்பிவிட்டது.

1945இல் எழுதிய ‘லா வி ஆன் ரோஸ்’ கதை நமக்கு நெருக்கமானது. பாடல் வரிகள் அவருடையவை. மெட்டும் அவர் மனசில் வந்ததுதான். ஆனால் பிரான்ஸில் இசையமைப்பாளர் என்று பதிவு செய்ய, உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கத்தின் தேர்வில் பாஸ் ஆகியிருக்கணும். எடித் அதில் பாஸ் ஆகவில்லை. அரியர்! அதனால் லூயிகி என்ற நண்பர் இசையமைப்பாளராகக் கையெழுத்துப் போட்டார். கூட இருந்தவர்கள் பாட்டு சுமார்தான் என்று சொன்னதால் முதலில் வேறொரு பாடகிக்குக் கொடுத்தார், பிறகுதான் தானே பாடினார். அது எங்கெல்லாம் போனது என்று உங்களுக்கே தெரியும். லூயி ஆம்ஸ்ட்ராங் வரைக்கும் பாடிவிட்டார்.

இனி மார்செல் செர்தான். (மகள் பெயரும் மார்செல்தான், பிரெஞ்சில் எழுத்து மட்டும் மாறும்.) அல்ஜீரியாவில் சிதி பெல் அபெஸ் ஊரில் பிறந்த குத்துச்சண்டை வீரர், 1948 செப்டம்பரில் டோனி சேலை வென்று மிடில்வெயிட் உலக சாம்பியன் ஆனவர். கல்யாணமானவர், மூன்று பையன்களுக்கு அப்பா. எடித்தும் அவரும் காதலித்தது பிரான்ஸ் முழுக்கத் தெரிந்த ரகசியம். அவருக்காக எடித் எழுதிய பாட்டு ‘இம்ன் ஆ லாமூர்’, இசை மார்கரித் மொனோ. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஈஃபில் கோபுரத்தில் நின்று செலின் டியோன் பாடினாரே, அதே பாட்டு. காதலன் செத்த சோகத்தில் எழுதியது என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். தப்பு. நியூயார்க்கில் வெர்சாய் என்ற கிளப்பில் 1949 செப்டம்பரில் எடித் அதை முதலில் பாடியபோது செர்தான் உயிரோடுதான் இருந்தார்.

அடுத்த மாதம் செர்தான் நியூயார்க் கிளம்பினார். பட்டத்தைப் பறித்துக்கொண்ட ஜேக் லமோட்டாவோடு மறுபடி மோத வேண்டும். எடித்தையும் பார்க்க வேண்டும். கப்பலில் வந்தால் நாளாகும், விமானத்தில் வா என்று எடித் சொன்னார். 1949 அக்டோபர் 28 அதிகாலை, அந்த ஏர் பிரான்ஸ் விமானம் அசோர்ஸ் தீவுகளில் மலையில் மோதியது. 48 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அன்று இரவு வெர்சாயில் கச்சேரி இருந்தது. எடித் மேடை ஏறினார். இன்று பாடுவது செர்தானுக்காக என்று சொல்லிவிட்டுப் பாடினார்.

பிறகு நடந்ததுதான் என்னை ரொம்ப யோசிக்க வைக்கிறது. இறந்தவரோடு பேசுவதற்காக வீட்டில் மேசை வைத்து, சுற்றி உட்கார்ந்து, அது தட்டுகிற சத்தத்துக்கு அர்த்தம் தேடினார். நம்ம ஹாஸ்டலில் காயின் நகர்த்தி ஆவி கூப்பிடுகிற அதே சமாச்சாரம். இங்கே அது விளையாட்டு, அங்கே அப்படி இல்லை. செர்தானின் மனைவியையும் பிள்ளைகளையும் தேடிப் போய் நட்பாக்கிக்கொண்டு, பாரிஸில் தன் வீட்டில் தங்கவைத்தார். விமானத்தில் வா என்ற ஒரு வார்த்தையைத் திருப்பி எடுக்க முடியுமா என்று பார்க்கிற ஒருத்தர் செய்கிற காரியங்களாகத்தான் எனக்கு இவை தெரிகின்றன.

1951இல் கார் விபத்து. கையும் விலா எலும்புகளும் முறிந்தன. வலிக்கு மார்பின் போட்டார்கள். வலி போன பிறகும் மார்பின் போகவில்லை. குடி ஏற்கெனவே இருந்தது. மூட்டுவாதத்தில் விரல்கள் வளையத் தொடங்கின. 1952இல் பாடகர் ஜாக் பில்ஸோடு கல்யாணம், சில வருடங்களில் விவாகரத்து. நடுவில் கார்னகி ஹாலில் கைதட்டல். சிகிச்சை, மறுபடி ஊசி, மறுபடி சிகிச்சை. 1959இல் நியூயார்க்கில் மேடையிலேயே சுருண்டு விழுந்தார், அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த வருடக் கடைசியில் பிரான்ஸில் சுற்றுப்பயணம் போனபோதும் மேடையில் சரிந்தார். அடுத்து எந்த ஊரில் விழுவார் என்று பார்க்கப் பத்திரிகைக்காரர்கள் பின்னாலேயே போனார்கள். கேவலம்தான், ஆனால் நடந்தது.

இப்போ 1960 அக்டோபர் 24க்கு வாங்க. பாரிஸில் பூல்வார் லான் 67ஆம் எண் வீடு. 31 வயது இசையமைப்பாளர் ஷார்ல் டூமோனும் பாடலாசிரியர் மிஷெல் வோக்கேரும் கதவைத் தட்டுகிறார்கள். டூமோனின் மெட்டுகளை எடித் ஏற்கெனவே சில தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவரைக் கண்டாலே ஆகாது. அன்றைய சந்திப்பும் ரத்து. தகவல் இவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. செயலாளர் வாசலிலேயே திருப்பி அனுப்பப் பார்க்கிறார். உள்ளே இருந்து எடித்தின் குரல் வருகிறது: வந்தது வந்துவிட்டார்கள், இருக்கச் சொல். ஒரு மணி நேரம் காக்கவைத்துவிட்டு, வீட்டு உடுப்பில், களைத்துப்போய் வந்து உட்கார்ந்தார். ஒரே ஒரு பாட்டு, அதற்கு மேல் கூடாது என்றார். டூமோன் பியானோவில் உட்கார்ந்து வாசித்தார். முடிந்ததும் எடித் இன்னொரு முறை கேட்டார். பிறகு இன்னொரு முறை. தூங்கிக்கொண்டிருந்த நண்பர்களைக்கூடப் போன் போட்டு வரவழைத்தார், விடியும்வரை வாசிக்கவைத்தார். இதை டூமோன் தன் 95 வயதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 2024 நவம்பரில்தான் அவர் இறந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த மெட்டு 1956இலேயே பிறந்துவிட்டது. முதலில் அவர்கள் மனசில் இருந்தது வேறொரு பாடகி. தலைப்பும் வேறு: இல்லை, எனக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை என்பது போன்ற ஒரு புலம்பல். பியாஃபிடம் கொண்டுபோகலாம் என்று தோன்றியதும் வோக்கேர் அந்த ஒரு வினைச்சொல்லை மாற்றினார். புலம்பல், சவால் ஆகிவிட்டது. உலகமே பியாஃபின் சுயசரிதை என்று நினைக்கிற பாட்டில் அவர் எழுதிய சொல் ஒன்றுகூட இல்லை. யாரோ தைத்த சட்டை, போட்டுப் பார்த்தால் அளவு எடுத்த மாதிரி பொருந்திவிட்டது.

பாட்டு முழுக்கச் சொல்வது என்ன? பழைய கணக்கு தீர்ந்தது, நல்லதும் கெட்டதும் ஒன்றுதான், எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன் என்பதுதான். முடிவில் ஒரு திருப்பம் இருக்கிறது; அந்தப் புதுத் தொடக்கம் ஒரு புதுக் காதலோடு. அதாவது இது ஒரு காதல் பாட்டு. முதல் வரியோடு நிறுத்திவிட்டு ஸ்டேட்டஸ் போடுகிறவர்களுக்கு அது தெரியாமலே போகிறது. இரண்டரை நிமிஷம்கூட வராத பாட்டு. இல்லை என்ற சொல்லில் தொடங்கி, படிப்படியாக ஏறி, கடைசியில் உச்சத்தில் நிற்கும். இடையில் வருகிற ஒவ்வொரு ‘ர’வையும் அவர் தொண்டையில் போட்டு உருட்டுகிற விதத்தைக் கேளுங்க. வருத்தம் இல்லாதவர் அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டார் என்பது என் எண்ணம். நீங்க வேறு மாதிரி நினைக்கலாம்.

ஒலிம்பியா அரங்கு அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. உரிமையாளர் புரூனோ கொக்காத்ரிஸ் கேட்டுக்கொண்டதால், நிற்கவே தெம்பில்லாத எடித் 1960 டிசம்பர் கடைசியில் மேடை ஏறினார். மேடைக்குப் பின்னால் ஊசி, முன்னால் இந்தப் பாட்டு. மாதக்கணக்கில் பாடினார், அரங்கு பிழைத்தது.

அதற்குள் பாட்டு அவர் கையைவிட்டும் போய்விட்டது. 1961 ஏப்ரலில் அல்ஜீரியாவில் நான்கு ஜெனரல்கள் தெ கோலுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அல்ஜீரியாவைச் சுதந்திரமாக விடக்கூடாது என்பது அவர்கள் வாதம். அன்னியப் படையின் முதலாம் பாராசூட் ரெஜிமென்ட் அவர்கள் பக்கம் நின்றது. கிளர்ச்சி சில நாளில் படுத்துவிட்டது, ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. செரால்டா முகாமைவிட்டு வெளியேறும்போது அந்தச் சிப்பாய்கள் வண்டிகளில் இருந்து ஒரே குரலில் பாடியது இந்தப் பாட்டைத்தான். அன்னியப் படைக்கு அப்போது தலைமையிடம் எது தெரியுமா? சிதி பெல் அபெஸ், செர்தான் பிறந்த ஊர். அல்ஜீரியர்கள் எத்தனையோ பேர் செத்த ஒரு போரில், எங்களுக்கு வருத்தமில்லை என்று ராணுவம் பாடுவதும் ஒரு தனிப்பெண் பாடுவதும் எனக்கு ஒன்றாகக் கேட்கவில்லை. வரி என்னவோ அதேதான். (மடகாஸ்கர் 3 படத்தில் வில்லியும் இதைப் பாடுவாள். அது எவ்வளவோ தேவலை.)

1962 அக்டோபரில் எடித் தியோ சராப்போவைக் கல்யாணம் செய்தார். அவர் கிரேக்க வம்சாவளி, முடிதிருத்துகிறவராக இருந்தவர், 26 வயது. எடித்துக்கு 46. ஊர் சிரித்தது, பணத்துக்காகத்தான் என்றது. ஒரு வருடம் கழித்து, 1963 அக்டோபர் 10 அன்று, தெற்கு பிரான்ஸில் கிராஸ் ஊருக்குப் பக்கத்தில் பிளாஸ்காசியே என்ற இடத்தில் எடித் இறந்தார். 47 வயது. பாரிஸ்காரி பாரிஸில்தான் இறந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள் போல. உடலை ரகசியமாக ஆம்புலன்ஸில் ஏற்றி ராவோடு ராவாகப் பாரிஸுக்குக் கொண்டுவந்து, 11ஆம் தேதி அங்கே இறந்ததாக அறிவித்தார்கள். பிறந்த இடத்துக்குக் கதை கட்டியவருக்கு இறந்த இடத்துக்கும் கதை அமைந்துவிட்டது.

விவாகரத்து ஆனவர், ஒழுங்காக வாழாதவர் என்று பாரிஸ் பேராயர் திருப்பலி பூசைக்கு அனுமதி தரவில்லை. ஊர்வலத்துக்குக் கூடிய கூட்டத்தில் பாரிஸ் போக்குவரத்தே நின்றது. பணத்துக்காகக் கட்டிக்கொண்டார் என்று பேர் வாங்கிய தியோவுக்கு வந்து சேர்ந்தது கடன், லட்சக்கணக்கான ஃபிராங்க். 1970இல் அவரும் கார் விபத்தில் போனார்.

கல்லறை பேர் லஷேஸ் தோட்டத்தில் இருக்கிறது, எடித் பிறந்த தெனோன் மருத்துவமனையிலிருந்து நடந்தே போய்விடலாம். பாரிஸ் போகிறவர்கள் ரோஜா வாங்கிக்கொண்டு போய் வைக்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கறுப்புக் கல், மேலே ஒரு சிலுவை. அதில் எடித் தனியாக இல்லை. தெருவில் கரணம் போட்ட அப்பா இருக்கிறார், தியோ இருக்கிறார். இரண்டு வயது மார்செலும் அங்கேதான்.